அச்சத்தின் சட்டங்களும் தோட்டத் தமிழரும்: மலாக்காவை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மக்களாட்சி நடைபெறும் நாட்டில் ஒருவர் தம் கருத்துக்காகச் சிறைப்படலாகாது என்பது பொதுவிதி. ஆயினும், ‘கம்யூனிஸ்டு’ என்னும் ஒரு சொல் அவ்விதியை நெடுங்காலம் செயலற்றதாக்கியது. மலாயாவில் அவ்வச்சம் எவ்வாறு சட்டமாயிற்று, அச்சத்தின் காரணம் மறைந்த பின்னும் அச்சட்டம் எவ்வாறு நிலைத்தது, தோட்டப்புறத் தமிழர் அதனால் எதனை இழந்தனர் என்பனவற்றை மலாக்கா மாநிலத்தை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

தொழிற்சங்கமும் தடையும்

ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிவுற்றபோது தோட்டங்களில் அரிசிப் பஞ்சமும் குறைந்த கூலியுமே எஞ்சின. தொழிலாளர்கள் சங்கங்களில் திரண்டனர். அச்சங்கங்களின் கூட்டமைப்பில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு இருந்தது உண்மையே. ஆனால், சங்கத்தில் சேர்ந்த பால்மரத் தொழிலாளி வேண்டியது நியாயமான கூலியையே. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணக் குடியேற்ற அரசு முற்படவில்லை. 1948 மே இறுதியில் சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தொழிலைச் சார்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாக இணையலாம் என்றாயிற்று. ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது.

கூட்டமைப்பின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோளும் பயன் தரவில்லை. அதற்கு முதல் நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவசரகாலத்தில் மலாக்கா

ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுந்திருந்தன. நாடெங்கும் தோட்ட லயங்கள் ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலியிடப்பட்டன. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. அச்சம் இருமுனையினது என்பதையும் நாம் மறத்தலாகாது. காட்டிலிருந்த ஆயுதப் படையினரின் தாக்குதலுக்குத் தோட்டத் தொழிலாளரும் இரையாயினர். காட்டுக்கு அரிசி கொடுத்தால் சிறை. கொடுக்க மறுத்தால் உயிருக்கு ஆபத்து. 1953 செப்டம்பர் 3ஆம் நாள் மலாக்காவின் ஒரு பகுதியே நாட்டின் முதல் ‘வெள்ளைப் பகுதி’யாக அறிவிக்கப்பட்டது. கட்டுப்பாடுகள் அங்கே நீங்கின.

அவசரகாலம் முடிந்தது, சட்டம் தொடர்ந்தது

நாடு 1957இல் விடுதலை பெற்றது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. அதனை அடுத்து உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவல்துறை ஒருவரை 60 நாள் தடுத்து வைக்கலாம், பின்னர் அமைச்சர் ஈராண்டு ஈராண்டாக நீட்டிக்கலாம், விசாரணை வேண்டியதில்லை. கம்யூனிஸ்டு அச்சுறுத்தலே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஆனால், 1987ஆம் ஆண்டின் ‘லாலாங்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டபோது, தொழிற்சங்கவாதியும் நாடாளுமன்ற உறுப்பினருமான வி. டேவிட் அவர்களுள் ஒருவராக இருந்தார்.

கம்யூனிஸ்டுக் கட்சி 1989 டிசம்பர் 2ஆம் நாள் ஹாட்யாய் உடன்பாட்டில் கையொப்பமிட்டு ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டது. அதற்கு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பின்னர், 2011 ஜூனில் மலேசிய சோசலிசக் கட்சியினர் 30 பேர் கைதாயினர். கம்யூனிசத்திற்குப் புத்துயிரூட்ட முயன்றனர் என்பது அவர்கள்மேல் கூறப்பட்ட பழி. அவர்களுள் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் உட்பட அறுவர் அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஜூலை இறுதி வரை அடைக்கப்பட்டனர். அவசரகாலம் எந்த ஊரின் பெயரால் தொடங்கியதோ, அதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக அவர் அப்போது இருந்தார்.

மீண்டும் மலாக்கா

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டு, ‘சொஸ்மா’ எனப்படும் சட்டம் வந்தது. 2019 அக்டோபரில் மலாக்காவின் காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதன் உட்படப் பன்னிருவர் அதன்கீழ்க் கைதாயினர். இம்முறை சொல் வேறு. ‘விடுதலைப் புலி ஆதரவு’ என்பதே குற்றச்சாட்டு. பிணை மறுக்கும் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என அவ்வாண்டு நவம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் கூறியது. 2020 பிப்ரவரி 21இல் பன்னிருவர்மீதான குற்றச்சாட்டுகளையும் சட்டத்துறைத் தலைவர் கைவிட்டார். அதற்குள் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழிந்திருந்தன.

முடிவுரை

ஓர் எதிரியை முன்னிட்டு இயற்றப்பட்ட சட்டம், அவ்வெதிரி மறைந்ததும் மறைவதில்லை. வேறோர் எதிரியைத் தேடிக்கொள்கிறது என்பதை மேற்கண்டவற்றால் அறிகிறோம். தோட்டத் தமிழர் இழந்தது தலைவர்களை மட்டுமன்று. கூலி கேட்பதையே குற்றமென எண்ணி அஞ்சும் மனநிலை வீடுகளுக்குள் புகுந்தது. ‘நமக்கெதற்கு இந்த வம்பு?’ என்னும் அறிவுரை தலைமுறை தாண்டியும் ஒலித்தது. 1950இல் பத்து வயதுச் சிறுவராக முள்வேலிக்குள் வாழ்ந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். அவர்தம் நினைவுகளை மலாக்காத் தோட்டப்புறங்களில் உடனடியாகப் பதிவு செய்வது நம் ஆய்வாளர்தம் கடமையாகும்.