"எந்தச் சாமி டீச்சர் உண்மை?": நன்னெறிக் கல்வியின் முதல் நெறியைக் கற்பித்தல்



ஆண்டு 2, நன்னெறிக் கல்வி. "நாமெல்லாரும் காலையில குளிச்சு, திருநீறு பூசி சாமி கும்பிடுவோம், சரிதானே?" என்று கேட்டேன். "சரி டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. மணி அடித்ததும் ஒரு பிள்ளை மேசையருகே வந்தாள். "டீச்சர், எங்க வீட்ல திருநீறு இல்ல. நாங்க சர்ச்சுக்குப் போவோம். அது தப்பா?" நான் சொன்ன 'நாமெல்லாரும்' என்ற ஒரு சொல் அவளை வெளியே நிறுத்திவிட்டது.

சீராய்வு செய்யப்பட்ட கலைத்திட்டத்தின் 14 நெறிகளில் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். 1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடும் இதுதான். முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்வி பயில்வார்கள். நன்னெறி வகுப்பில் இந்து, கிறிஸ்துவ, பௌத்தப் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 12(3)-ஆம் பிரிவின்படி, பிற சமயப் போதனையையோ வழிபாட்டையோ யார் மீதும் கட்டாயப்படுத்த முடியாது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, ஒரு மாணவர் தம் சமயம் அல்லாத வேறு சமயப் போதனையில் கலந்துகொள்ளப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே, சமயம் போதிப்பது வேறு, சமயங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு. நம் வகுப்புக்கு உரியது இரண்டாவது.

வகுப்பில் எப்படிச் செய்யலாம்?

1. 'நாம்' என்பதை 'எங்க வீட்ல' என மாற்றுங்கள். "உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

2. ஊரைப் பாடமாக்குங்கள். பிரிக்பீல்ட்சில் கந்தசுவாமி கோயில், பௌத்த மகா விகாரை, சீயோன் லுத்தரன் தேவாலயம், மதரசத்துல் கௌதியா சூராவ் எல்லாம் உண்டு. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில், லூர்து மாதா தேவாலயம், இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இருக்கின்றன. படங்களைக் காட்டி எல்லாவற்றுக்கும் ஒரே மூன்று கேள்விகள் கேளுங்கள்: உள்ளே போகும்போது என்ன செய்வார்கள்? எப்போது கூடுவார்கள்? பிறருக்கு என்ன கொடுப்பார்கள்? கோயில், விகாரை, சூராவ் மூன்றிலும் காலணியைக் கழற்றுவார்கள்; தேவாலயத்தில் பெரும்பாலும் கழற்றுவதில்லை. பழக்கம் மாறினாலும் மரியாதை மாறவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

3. பக்திக்குப் புள்ளி போடாதீர்கள். "தினமும் கும்பிடுவேன்" என்ற பதில் தர அடைவைக் காட்டாது. வேறு நம்பிக்கை உள்ள நண்பனிடம் எப்படி நடந்துகொள்வாய், ஏன் என்று கேட்டால் புரிதல் தெரியும்.

கடினமான கேள்வி வந்தால்?

"எந்தச் சாமி டீச்சர் உண்மை?" என்று ஒரு மாணவன் கேட்பான். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான்" என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். நல்லெண்ணத்தில் சொன்னாலும், அதுவும் ஒரு நம்பிக்கைதான். எல்லாக் கிறிஸ்துவக் குடும்பங்களும் அதை ஏற்கமாட்டா. பௌத்தத்தில் படைத்த கடவுள் என்ற கருத்தே இல்லை. நான் இப்போது இப்படிச் சொல்கிறேன்: "நல்ல கேள்விப்பா. இதுக்கு ஒவ்வொரு குடும்பத்துலயும் ஒரு பதில் இருக்கு. உங்க வீட்டுப் பதில அம்மா அப்பாகிட்ட கேளு. மத்தவங்க என்ன நம்புறாங்க, ஏன் நம்புறாங்கன்னு இங்க தெரிஞ்சுக்கலாம்."

தேர்வு எழுதுவோர் கவனத்திற்கு: இந்நெறியைப் பற்றி எழுதும்போது நன்னெறிச் சிந்தனை, நன்னெறி உணர்வு, நன்னெறி நடத்தை ஆகிய மூன்றையும் தொடுங்கள். காலணி பற்றிய கேள்வி சிந்தனை. வெளியே நின்ற பிள்ளையின் மனநிலையை உணர்வது உணர்வு. அவளை விளையாட்டில் சேர்த்துக்கொள்வது நடத்தை.

மறுவாரம் அந்தப் பிள்ளையிடம், "உங்க வீட்ல கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன். மணி அடிக்கும்வரை பேசினாள்.