மார்புப் புற்றுநோயும் கதிர்ச் சிகிச்சையும்: தோல் கறுத்தால் நிறுத்திவிடலாமா?

மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் முடிந்த பின், பலரை மஹரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கோ கண்டி பெரியாஸ்பத்திரிக்கோ கதிர்ச் சிகிச்சைக்கு வரச் சொல்வார்கள். 'கரண்ட் வைக்கிறது' என்பது இதைத்தான். போய் வந்த சிலர், "வெந்துபோச்சு, இனிப் போகமாட்டேன்" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதற்காகவே இதை எழுதுகிறோம். பாதியில் நின்றால் சிகிச்சையின் பலன் குறையும், நோய் திரும்பவும் இடமுண்டு.

உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எக்ஸ்ரே எடுப்பது போலச் சில நிமிடம் படுத்திருந்தால் போதும், வலிக்காது. முன்பு 5 கிழமை, 25 தடவை என்றிருந்தது. இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பின் பலருக்கு 3 கிழமை, 15 தடவை போதுமென்று ஆகியிருக்கிறது. பேர் விழாத நாளை எண்ணிப் பார்க்கும் நமக்கு இது சின்ன விஷயமா?

சில நாட்களில் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும். மார்பின் அடி மடிப்பிலும் கக்கத்திலும் உரியலாம். கடைசி நாள் முடிந்து ஓரிரு கிழமையில்தான் இது கூடுதலாகத் தெரியும். லயத்துக்குத் திரும்பிய பிறகு இப்படி ஆவதால் பலர் கலங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் சில கிழமைகளில் ஆறிவிடும். அங்கே மஞ்சள், தைலம், பாம் எதுவும் பூச வேண்டாம். வெயில் படாமல் தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். நீர் வடிந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

களைப்பு வரும், அது சோம்பல் அல்ல என்பதை வீட்டு ஆம்பிளைகளும் அறிய வேண்டும். மார்புக்கு வைக்கும் கதிரால் தலைமயிர் கொட்டாது. வெளியே இருந்து வைக்கும் கதிர் உடம்பில் தங்காது, பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம்.

இடது மார்புக்குப் பின்னால் இதயம் இருப்பதால், புதிய மெஷின் உள்ள இடங்களில் மூச்சை இழுத்து அடக்கச் சொல்லி இதயத்தை விலக்கிக் கதிர் வைக்கிறார்கள். சில மாதம் கழித்து வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் மலைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். நுரையீரலில் கதிர் பட்டதாலும் அப்படி வரலாம்.

கொழுந்தெடுப்பவர்களுக்குக் கைதான் முக்கியம். கக்கத்துக் கட்டிகளை எடுத்து அங்கும் கதிர் வைத்திருந்தால், மாதங்களோ வருஷங்களோ கழித்துக்கூட அந்தக் கை வீங்கலாம். சொல்லித்தரும் கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கள். மலைக்குத் திரும்பும்போது வேலையை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தேயிலைக் கிளைக் கீறல், அட்டைக்கடி எதுவானாலும் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போய், கிளினிக் புத்தகத்தைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்கள்.