குருதி வழியே கண்ணுக்கு வரும் கேடு

கண் சிவந்தால் உடனே 'மெட்ராஸ் ஐ' என்று முடிவு கட்டிவிடுவது நம்மவர் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெரியதாழை போன்ற ஒரு கடலோர ஊரில், நீரிழிவு உள்ள ஒருவர் நான்கு நாட்களாகக் குளிர்காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒரு கண் மட்டும் சிவந்து வலிக்கிறது. பார்வையும் புகை படிந்ததுபோல் மங்குகிறது. இவருக்குக் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக் காத்திருந்தால் கண்ணை இழக்க நேரிடலாம். நோயின் வேர் கண்ணில் இல்லை, குருதியில் இருக்கிறது.

கல்லீரலிலோ, சிறுநீரகத்திலோ, இதய வால்விலோ, காலில் ஆறாத புண்ணிலோ குடியேறிய பாக்டீரியா சில வேளை இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகிறது. விழித்திரையின் பின்னுள்ள படலம் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்தது. அங்கே தங்கும் கிருமி, குருதிக்கும் கண்ணுக்கும் இடையேயுள்ள தடுப்பை உடைத்துக்கொண்டு விழியின் உட்புறம் நுழைகிறது.

அங்கே கூழ் போன்ற பளிங்குநீர் சுமார் 4 மில்லிலிட்டர் நிரம்பியிருக்கிறது. அதில் இரத்தக் குழாயே கிடையாது. ஆகவே கிருமி தடையின்றிப் பெருகுகிறது. பிந்தி வந்து சேரும் வெள்ளணுக்களோ கிருமியோடு விழித்திரையையும் சேர்த்துச் சிதைக்கின்றன. ஒருமுறை அழிந்த விழித்திரை நரம்பணுக்கள் மீண்டும் வளர்வதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிருமியைத் தடுக்க முடியாத அந்த வேலி மருந்தைத் தடுத்துவிடுகிறது! நரம்பில் ஏற்றும் மருந்து போதிய அளவில் உள்ளே செல்வதில்லை. எனவே கண் மருத்துவர் பளிங்குநீரில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, 0.1 மில்லிலிட்டர் அளவு மருந்தை நேரே விழிக்குள் செலுத்துகிறார். நோய் முற்றியிருந்தால் பளிங்குநீரையே வெட்டி அகற்றுவதுண்டு. இம்முறையை வகுத்தவர் ராபர்ட் மாக்கெமர், ஆண்டு 1970. குருதியிலுள்ள கிருமிக்காக நரம்பு வழி மருந்தும் தொடர வேண்டும்.

1986இல் தைவான் மருத்துவர்கள், 'கிளெப்சியெல்லா' என்னும் பாக்டீரியாவால் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டான சிலருக்குக் கண்ணும் இவ்வாறு பாதிக்கப்பட்டதை வெளியிட்டனர். பின்னர் சிங்கப்பூரிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது. நீரிழிவு உள்ளவர்களையே இது அதிகம் தாக்குகிறது. 2023இல் வெளியான ஆய்வின்படி தமிழகத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு நீரிழிவு இருப்பதால், நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று.

சிலருக்கு முதலில் தென்படுவதே கண் வலிதான். கண் மருத்துவர் இரத்தச் சோதனைக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் எழுதிக்கொடுத்த பிறகே கல்லீரலில் கட்டி இருப்பது தெரியவருகிறது.