பழைய வண்டியில் பரதேச யாத்திரை: கோடரியால் செய்த சக்கரம்

சென்ற வாரம், அகமதாபாத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அந்தச் சிவப்பு எம்.ஜி. வண்டியைக் கப்பலிலிருந்து துபாயில் இறக்கி நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து வாசித்து வரும் அன்பர்களுக்கு இவ்வளவு போதும். எல்லை தாண்டும் மோட்டார் வண்டிகளுக்கு வழங்கப்படும் 'கார்னே' என்ற சுங்கப் புத்தகத்தைப் பற்றி இவ்வாரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். கட்டுரை அச்சுக்குப் போகவேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. ஆயினும் 1907ஆம் வருஷத்துப் பிரயாணம் ஒன்றின் விவரங்களை வேறொரு காரியத்துக்காகப் புரட்டிக்கொண்டிருந்தபோது எதிர்ப்பட்ட ஒரு சம்பவம், அன்று முதல் என் சிந்தையை முழுவதும் ஆட்கொண்டுவிட்டபடியால், அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடங்கொடுக்கவில்லை.

அவ்வருஷம் ஜனவரி மாதம், பாரிஸ் நகரத்து 'லே மத்தேன்' பத்திரிகை, பீக்கிங்கிலிருந்து பாரிஸுக்கு மோட்டார் வண்டியிலேயே வந்துசேரக் கூடியவர் எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வியை அச்சிட்டது. ஜூன் 10ஆம் தேதி ஐந்து வண்டிகள் பீக்கிங்கை விட்டுக் கிளம்பின. இத்தாலிய இளவரசர் சிபியோனே போர்கேஸேயின் 'இடாலா', ஹாலந்து தேசத்து 'ஸ்பைக்கர்', பிரெஞ்சு 'டி தியோன் பூதோன்' இரண்டு, மூன்றே சக்கரங்கள் கொண்ட 'கோண்டால்' ஒன்று. இவற்றுள் கோண்டால் கோபிப் பாலைவனத்தைத் தாண்டவில்லை. அதில் இருந்தவர்கள் தாகத்தால் மரணத்தின் விளிம்பு வரை சென்று, நாடோடி மக்களின் தயவால் உயிர் பிழைத்தார்கள். சாலை என்று சொல்லத்தக்கது வழியின் பெரும்பகுதியில் கிடையாது. வண்டிகளுக்கு வேண்டிய பெட்ரோல், ஒட்டகங்களின் முதுகில் முன்கூட்டியே பாலைவனத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தது.

இடாலாவில் இளவரசரோடு சென்றவர்கள் இருவர். ஒருவர் எத்தோரே குயித்ஸார்தி என்ற மெக்கானிக்; மற்றவர் லூயிஜி பர்ஸீனி என்ற பத்திரிகை நிருபர். கோபியின் நடுவே இருந்த ஒரு தந்தி நிலையத்தில் பர்ஸீனி தம் செய்தியைக் கொடுத்தபோது, அதன்மேல் 'எண் 1' என்று குறிக்கப்பட்டதைக் கண்டு, இன்றைய தினத்தின் முதல் தந்தியா என்று அவர் வினவ, நிலையம் திறந்து ஆறு வருஷங்கள் ஆகின்றன, இங்கிருந்து அனுப்பப்படும் முதல் தந்தியே இதுதான் என்று அந்த உத்தியோகஸ்தர் பதில் சொன்னாராம். மோட்டார் வண்டியைக் காணாத பூமி என்பது மட்டுமன்றி, வெளியுலகுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் ஆறு வருஷங்களாக எழாத பூமியாகவும் அது இருந்தது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆனால் என்னை ஆட்கொண்ட சம்பவம் இதுவன்று. அது ருஷ்யாவில் நிகழ்ந்தது. ஏழு லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவு கொண்ட பெரிய என்ஜினைத் தாங்கிய அந்த இடாலாவின் சக்கரங்கள், அக்காலத்து வழக்கப்படி, மரத்தாலாகிய ஆரக்கால்களை உடையவை. காற்றடைத்த ரப்பர் டயர் அவற்றின் மேல் ஏறியிருந்தது. சைபீரியாவின் சேற்றிலும், தண்டவாளத்துக் கட்டைகளின் மேலும் வாரக்கணக்கில் உருண்டு வந்த பின்பு, பெர்ம் நகரத்தை அடுத்த பிரதேசத்தில் ஒரு பின்சக்கரத்தின் ஆரக்கால்கள் ஆட்டங்கண்டுவிட்டன. முதலில் கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிப் பார்த்தார்கள். பிறகு, உலர்ந்து சுருங்கிய மரம் ஊறினால் பொருத்துகள் மறுபடி இறுகும் என்று கருதிச் சக்கரத்தைக் கழற்றி நீரில் ஊறப்போட்டார்கள். அதுவும் அதிக தூரம் உதவவில்லை. முடிவில், கிராமத்து வண்டிகளைச் செய்து ஜீவனம் நடத்திவந்த தச்சன் ஒருவனிடம் அந்தச் சக்கரம் வந்து சேர்ந்தது. அவன் தன் கையிலிருந்த கோடரி ஒன்றையே பிரதான ஆயுதமாகக் கொண்டு, மோட்டார் வண்டிக்குரிய ஆரக்கால்களைப் புதிதாகச் செதுக்கிப் பூட்டிக் கொடுத்தான். வண்டி மறுபடி மேற்கு நோக்கி உருண்டது. ஜூலைக் கடைசியில் மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து விருந்துக்காகப் பீட்டர்ஸ்பர்க் வரை வழிவிலகிச் சென்று திரும்பிய பின்னும், ஆகஸ்டு 10ஆம் தேதி எல்லோருக்கும் முன்பாகப் பாரிஸில் பிரவேசித்தது. அந்த இடாலா இன்றும் டூரின் நகரத்து மோட்டார் வண்டிப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

இதைப் படித்த மறுநாளே, எங்கள் செட்டிகுளத்தில், மாட்டு வண்டிக்குச் சக்கரம் கட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு முதிய ஆசாரியாரைத் தேடிச் சென்றேன். இப்போது அவருக்கு அந்த வேலை அநேகமாக வருவதில்லை. சின்ன வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறைகளுக்குக் கால் நட்டுக் கொடுப்பதும், கதவு நிலை பழுது பார்ப்பதுமாகக் காலம் செல்கிறது. ருஷ்யத் தச்சனின் கதையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு முடித்துவிட்டு, "வாச்சி இல்லாம, கோடாலியாலேயாவா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். "ஆரக்கால் மட்டுந்தானா, குடமும் சேத்தா?" என்று அடுத்த கேள்வி வந்தது. குடம் இரும்பு, ஐயா, ஆரக்கால்தான் மரம் என்றேன். சற்று நேரம் யோசித்து, "அப்ப பாதி வேலைதான். ஆனா அந்தப் பாதியக் கோடாலியில செஞ்சான் பாருங்க, அவன் வேலைக்காரன்" என்றார். நூறு வருஷங்களுக்கு முன்பு, பெயரும் ஊரும் அறியாத ஒரு தேசத்துத் தொழிலாளிக்கு அவர் அளித்த நற்சாட்சிப் பத்திரத்தை விடச் சிறந்ததொன்றை எந்த மோட்டார் சங்கமும் அளித்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

அவர் அன்று விளக்கியவற்றில் சிலவற்றையேனும் இங்கே பதிவு செய்யாவிட்டால் பெரிய நஷ்டமாகும். நடுவில் குடம், குடத்தில் துளையிட்டு அறையப்படும் ஆரக்கால்கள், ஆரக்கால்களின் வெளிநுனிகளைக் கவ்வி வளைந்து நிற்கும் வட்டைகள், வட்டை ஒன்றுக்கு ஆரக்கால் இரண்டு வீதம், வட்டைகள் அனைத்தையும் சுற்றி இறுக்கும் இரும்புப் பட்டா, சக்கரம் அச்சைவிட்டுக் கழலாமல் காக்கும் கடையாணி. இவற்றுள் பட்டா போடுவதே சபையறிய நடக்கும் காரியம். சக்கரத்தின் சுற்றளவைக் காட்டிலும் ஒரு சிறிது குறைவாகவே பட்டாவை வளைத்துப் பற்றவைத்து, அதன்மேல் வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்பு பழுத்துப் பெருத்த சமயம் பார்த்து, கொறடுகளால் நாலு பேர் தூக்கி வந்து சக்கரத்தின்மேல் இறக்கிச் சம்மட்டியால் தட்டி, மரம் கருகத் தொடங்குமுன் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்ற, சுருங்குகின்ற இரும்பு ஆரக்கால்களையெல்லாம் குடத்துக்குள் நெட்டித் தள்ளுகிறது. ஆணி ஒன்றுமில்லாமலே பல துண்டு மரம் ஒரே சக்கரமாகிவிடுகிறது. கோடையில் மரம் காய்ந்து ஆரக்கால்கள் கலகலத்தால், வண்டியைக் குளத்தில் இறக்கி ஓர் இரவு ஊறவிடுவது இங்கே குடியானவர் ஒவ்வொருவரும் அறிந்த வைத்தியம். பெர்ம் நகரத்தில் இளவரசர் செய்ததும் அதுவே என்று கேட்டபோது பெரியவரின் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தை நான் வர்ணிக்க முடியாது.

இதையெல்லாம் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய வண்டியில் தூரதேசம் போவது பணக்காரரின் விளையாட்டு என்றும், வண்டியின் வலிமையும் ஓட்டுகிறவரின் தைரியமுமே அதில் முக்கியம் என்றும் பலர் நினைக்கிறார்கள். எந்தப் பழுது நேர்ந்தாலும், கண்ணால் பார்த்து, கையால் சரிசெய்யத்தக்க வண்டிதான் நெடுவழிக்கு ஏற்றது என்பதும், அப்படிச் சரிசெய்யும் கைகள் வழிநெடுக இருந்தபடியால்தான் இந்த யாத்திரைகள் ஈடேறின என்பதும் நான் இத்தொடர் முழுவதிலும் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

நமது சிவப்பு வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். 'லால் பரி' என்று செல்லப்பெயர் பெற்ற அது, 1950ஆம் வருஷத்து எம்.ஜி. ஒய்.டி.; இந்த ரகத்தில் செய்யப்பட்டவை மொத்தமே ஆயிரத்துக்குக் குறைவு. நாலு சிலிண்டர் கொண்ட அதன் என்ஜினுடைய கொள்ளளவு 1250 சி.சி. தான். தாத்தா, மகன், பேத்தி என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அதில் 2023 ஆகஸ்டில் புறப்பட்டு, பாரசீகத்தையும் துருக்கியையும் கடந்து, ஐரோப்பாவை ஊடறுத்து, அக்டோபர் கடைசியில் அந்த வண்டி பிறந்த ஊராகிய ஆபிங்டனைச் சென்றடைந்தார்கள். எம்.ஜி. தொழிற்சாலை அங்கே 1929 முதல் 1980 வரை நடந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோது தொழிற்சாலை மூடி நாற்பது வருஷங்களுக்கு மேலாகியிருந்தது. எழுபது வயதைக் கடந்த என்ஜினில் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால், திருகாணியைக் கழற்றித் துடைத்து ஊதி மறுபடி பூட்டலாம். வழியில் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் அகப்படுவார். கணிப்பொறியை இணைத்துக் கோளாறு கண்டுபிடிக்க வேண்டிய இக்காலத்து வண்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லேண்ட் ரோவர்களில் கிளம்பி, இந்தியா வழியாக அஸ்ஸாமை அடைந்து, யுத்தகாலத்தில் போடப்பட்ட ஸ்டில்வெல் சாலையால் பர்மாவுக்குள் நுழைந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் சேர்ந்த கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். யுத்தத்துக்குப் பின் எஃகுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டால், அந்த வண்டிகளின் மேற்கூடு அலுமினியத் தகட்டால் அமைந்தது. சாதாரணத் தகர வேலை தெரிந்தவரே சுத்தியலால் தட்டி நிமிர்த்தக்கூடிய தகடு அது. அவ்விரண்டில் 'ஆக்ஸ்போர்டு' என்று பெயர் பெற்ற வண்டி, பிற்காலத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்து செயின்ட் ஹெலினா தீவில் கண்டெடுக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் தன் சக்கரங்களாலேயே திரும்பியது. முதல் யாத்திரையில் சென்றவரும் அதன் வரலாற்றை எழுதியவருமான டிம் ஸ்லெஸர், எண்பத்தேழாம் வயதில் மறுபடி அதில் ஏறிச் செல்ல ஆயத்தமாகிச் சிங்கப்பூருக்குச் சென்றும், உடல்நலம் குன்றியதால் புறப்பட இயலாமல், தம் பேரனையே அனுப்பிவைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

நம் தேசத்தில் உற்பத்தியான வண்டியும் இதில் சளைத்ததன்று. வங்காளத்து உத்தர்பாராவில் தயாரான ஹிந்துஸ்தான் கம்பெனியின் 'கண்டெஸ்ஸா கிளாஸிக்' வண்டியில், ஸலூ சௌதுரியும் அவர் மனைவி நீனா சௌதுரியும் 1989 செப்டம்பர் 9ஆம் தேதி டில்லியிலிருந்து புறப்பட்டு, ஆறு கண்டங்களில் பூமத்திய ரேகையின் நீளத்துக்கு மேற்பட்ட தூரத்தை ஓட்டி, 69 நாள் 19 மணி 5 நிமிஷத்தில், நவம்பர் 17ஆம் தேதி டில்லிக்கே திரும்பினார்கள். அது அன்று புத்தம் புதிய வண்டி; ஆகையால் இத்தொடரின் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கிறது என்றாலும், சொல்லாமல் விட மனமில்லை.

இனி கார்னேக்கு வருகிறேன். ஒரு தேசத்துக்குள் வண்டியைக் கொண்டுபோனால் அது இறக்குமதி. இறக்குமதிக்குச் சுங்கவரி உண்டு. இந்த வண்டியை இங்கே விற்கமாட்டேன், வந்தபடியே வெளியே கொண்டுபோவேன் என்பதற்கு உத்தரவாதமாக அமைவதே கார்னே. அதில் ஒவ்வோர் ஏடும் மூன்று பாகம். நுழையும் எல்லையில் ஒரு பாகத்தையும், வெளியேறும் எல்லையில் மற்றொரு பாகத்தையும் சுங்க அதிகாரிகள் கிழித்துக்கொள்ள, இரண்டு முத்திரைகளும் பதிந்த அடிக்கட்டை வண்டிக்காரரிடமே நிற்கும். நம் தேசத்தில் இதை வழங்குவது பம்பாயிலுள்ள மேற்கு இந்திய மோட்டார் வாகனச் சங்கம். வெளியேறும் முத்திரை ஒன்றே ஒன்று விடுபட்டாலும், வண்டி அந்தத் தேசத்திலேயே தங்கிவிட்டதாகக் கொண்டு வரி கேட்பார்கள். அந்த ஒரு முத்திரைக்காக மனிதர்கள் பட்ட பாடு தனி அத்தியாயத்துக்கு உரியது. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கென்று 2021இல் நம் சர்க்கார் வகுத்த பதிவு விதிகளையும், மாநில எழுத்துக்களுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று பொறிக்கும் அந்தப் பலகையையும் இதனோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். இவ்வாரம் எனக்கு அளிக்கப்பட்ட இடம் முடிந்துவிட்டபடியால், இவை யாவும் அடுத்த இதழில் வரும்.

அதற்குள் வாசக அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். பர்மா, மலேயா, இலங்கை முதலிய தேசங்களில் தொழில் நடத்தித் திரும்பிய குடும்பங்கள் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களிலும், திருச்சியிலும், செட்டிநாட்டிலும் பல உண்டு. அவ்வீடுகளின் பெட்டிகளில் பழைய கார்னேப் புத்தகமோ, வண்டிப் பதிவுச் சீட்டோ, எல்லைச் சாவடி ரசீதோ இருக்குமானால், பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாமல், அதன் பிரதி ஒன்றை எடுத்து இப்பத்திரிகையின் விலாசத்துக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் ஊரில் இன்னும் சக்கரம் கட்டத் தெரிந்த ஆசாரியார் இருந்தால், அதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள்.