பிரீமேசன் சங்கத்தில் புதிய உறுப்பினர்களுக்கான வழிகாட்டல்

பிரீமேசன் சங்கம் என்பது ஒழுக்க வளர்ச்சி, சகோதரத்துவம், அறப்பணி ஆகியவற்றை நோக்கமாகக் கொண்டு பல நாடுகளில் இயங்கும் அமைப்பாகும். இதன் உறுப்பினர்கள் 'லாட்ஜ்' எனப்படும் கிளை மன்றங்களில் கூடுகின்றனர். லண்டனில் நான்கு மன்றங்கள் 1717இல் இணைந்து முதல் பெருமன்றத்தை அமைத்ததாகச் சங்கத்தின் மரபு வரலாறு கூறுகிறது. இந்தியாவுக்கெனத் தனிப் பெருமன்றம் 1961இல் ஏற்பட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அனுபவமுள்ள உறுப்பினர் ஒருவர் துணைநின்று கற்பிப்பதே இச்சங்கத்தில் வழிகாட்டல் எனப்படுகிறது.

வரலாற்றுப் பின்னணி

இச்சங்கம் தன் சொற்களையும் சின்னங்களையும் இடைக்கால ஐரோப்பியக் கல்தச்சர்களின் தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ரீஜியஸ் கையெழுத்துப்படி, கல்தச்சர்களுக்குரிய விதிகளைச் செய்யுள் வடிவில் தருகிறது. ஏழு ஆண்டுகள் தம்முடன் தங்குவார் என்ற உறுதி இல்லாத எவரையும் தலைமைக் கல்தச்சர் பழகுநராக ஏற்கக் கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. பிற்காலச் சங்கத்தில் கல் செதுக்கும் வேலை இல்லை. ஆயினும் பழகுநர், சகதொழிலர், தலைமைக் கல்தச்சர் என்னும் மூன்று படிநிலைகள் நிலைத்துவிட்டன.

வழிகாட்டலின் தேவை

சேர்க்கைச் சடங்கின்போது புதியவரின் கண்கள் கட்டப்பட்டிருக்கும். 'டீக்கன்' என்னும் பொறுப்பாளர் அவரை அழைத்துச் சென்று, சொல்ல வேண்டிய விடைகளை அவ்வப்போது எடுத்துக்கொடுப்பார். புதிய சொற்களும் செயல்களும் ஒரே மாலையில் குவிவதால், நடந்தவற்றுள் சிறு பகுதியே அவர் மனத்தில் தங்கும். சடங்கு ஒருவரை உறுப்பினராக்குகிறது. அதன் பொருளை அவர் பின்னரே கற்க வேண்டியுள்ளது.

அடுத்த படிநிலைக்குச் செல்ல, மன்றத்தார் முன்னிலையில் குறிப்பிட்ட வினாக்களுக்கு அவர் விடையளிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரு படிநிலைக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது நான்கு வாரங்கள் கழிய வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் நீண்ட வினாவிடைத் தொகுதியை மனப்பாடம் செய்வது வழக்கம். இது பெரும்பாலும் மூத்த உறுப்பினரிடம் நேரில் அமர்ந்து வாய்வழியாகப் பாடம் கேட்கும் முறையில் நடைபெறுகிறது.

வழிகாட்டியின் பணிகள்

- சேர்வதற்கு முன்: சந்தா, வருகை, குடும்பத்தினரின் ஒப்புதல் ஆகியவை குறித்துத் தெளிவாகப் பேசுதல்.
- சடங்குக்குப் பின்: சின்னங்களின் பொருளை விளக்குதல். செதுக்கப்படாத கல் பண்படாத மனிதனையும், செதுக்கிய கல் பண்பட்ட மனிதனையும் குறிக்கும்.
- கூட்டங்களில்: அருகில் அமர்தல், மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தல், விருந்து மரபுகளைச் சொல்லித்தருதல்.
- பிற்காலத்தில்: அவருடைய விருப்பத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற பொறுப்பைக் காட்டுதல்.

பயன்கள்

அமெரிக்காவில் 1959இல் 40 இலட்சத்துக்கு மேல் இருந்த உறுப்பினர் எண்ணிக்கை, இன்று 10 இலட்சத்துக்கும் கீழாகக் குறைந்துள்ளது. மூத்த தலைமுறையின் மறைவும் மாறிவிட்ட சமூகப் பழக்கங்களும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றை வழிகாட்டலால் மாற்ற இயலாது. ஆனால் தம்மை ஒருவரும் கவனிக்கவில்லை என்று கருதி விலகுபவரைத் தடுக்க இயலும். வழிகாட்டி உள்ள புதியவர் இரண்டு கூட்டங்களுக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஒருவர் இருப்பார். நோய், வேலையிழப்பு போன்ற இடர்களும் இவ்வாறே மன்றத்தின் கவனத்துக்கு வரும். உதவியும் உரிய காலத்தில் கிடைக்கும்.

வழிகாட்டியும் இதனால் பயன் பெறுகிறார். பல ஆண்டுகள் பழக்கத்தால் சொல்லிவந்த சொற்களுக்குப் புதியவர் பொருள் கேட்கும்போது, அவரும் அவற்றை மீண்டும் சிந்திக்க வேண்டியுள்ளது.

வரம்புகள்

மனப்பாடத்தை மட்டும் சரிபார்ப்பது வழிகாட்டல் ஆகாது. விடைகளைப் பிழையின்றி ஒப்பித்தவர், அவற்றின் பொருள் அறியாமலே மூன்றாம் படிநிலையை எட்டிவிடக்கூடும். சின்னங்களுக்குத் தாம் கொள்ளும் விளக்கமே சங்கத்தின் முடிவு என்று வழிகாட்டி சொல்வதும் தவறாகும். மன்றத்தில் சமய, அரசியல் விவாதங்களுக்கு இடமில்லை என்பதால், அத்துறைகளில் தம் கருத்தைப் புதியவர்மீது அவர் திணிக்கலாகாது. முன்மொழிந்த நண்பரே எப்போதும் சிறந்த வழிகாட்டியாக அமைவார் என்றும் சொல்ல முடியாது. பொறுமையும் புதியவருக்கு ஒதுக்க நேரமும் உடையவரே இப்பணிக்குப் பொருத்தமானவர். இவ்வாறு கற்றவர் சில ஆண்டுகளில் இன்னொருவருக்குக் கற்பிக்கும் நிலையை அடைவதே வழிகாட்டல் வெற்றி பெற்றதற்கான அடையாளமாகும்.