கத்தியைக் கழுவுபவர் யார்?

வரதராஜன்பேட்டையில் முந்திரித் தோப்பை நம்பி ஜீவனம் செய்யும் ஒருவருக்குக் குடலிறக்கம் கண்டு, ரணசிகிச்சை செய்துகொள்ளும்படி நேருகிறதென்று வைத்துக்கொள்வோம். அவருடைய பந்துக்கள் கூடி ஆலோசிப்பார்கள். ஜெயங்கொண்டத்துக்குப் போவதா, அரியலூருக்குப் போவதா? டாக்டர் கைராசிக்காரர்தானா? செலவு என்ன ஆகும்? நாள் நன்றாயிருக்கிறதா? இவ்வளவையும் விசாரிக்கும் நமது ஜனங்கள், தம் வயிற்றைக் கீறப்போகும் கத்தியைக் கழுவியவர் யார், அதை எவ்வளவு நேரம் நீராவியில் வைத்தார், அது வெந்ததற்கு ருசு என்ன என்று கேட்பதேயில்லை. கேட்கலாமென்று அவர்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இது வீண் பயமன்று. 2008-ம் வருஷம் ஜூலை மாதத்தில், நமது பக்கத்துப் பெரம்பலூரில், இலவச முகாம் ஒன்றின் வழியாகக் கண்புரைச் சிகிச்சைக்கு வந்த விழுப்புரம் ஜில்லா ஏழைகள் பலர், கண்ணுக்குள் கிருமி புகுந்து பார்வையை இழந்தனர். பாதிக்கப்பட்டவர்கள் 66 பேர் என்று வழக்கு நடந்தது, சி.பி.ஐ. விசாரணை செய்தது, 2018-ல் திருச்சி கோர்ட்டு தண்டனை விதித்தது. ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. ஒரு ஸ்தாபனத்தைத் தூற்றுவது நமது நோக்கமன்று. மங்கிய கண்ணுக்கு ஒளி தேடி வந்தவர்கள் இருந்த ஒளியையும் இழந்து திரும்பினார்கள் என்பதே விஷயம். கருவி, கண்ணில் விடும் திரவம், டாக்டரின் கை, கூடத்தின் காற்று ஆகிய வாயில்களில் எந்த ஒன்று திறந்திருந்தாலும் கிருமிக்குப் போதும். வழக்கு முடியப் பத்து வருஷங்கள் சென்றன. கிருமிக்கு இரண்டு நாள் போதுமானதாயிருந்தது.

வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் கத்தி சுத்தமாகிவிடும் என்று எண்ணுவோர் படித்தவர்களிலும் பலர். சாதாரணக் கிருமிகள் கொதிநீரில் மடிவது உண்மையே. ஆனால் தனுர்வாதத்தை உண்டாக்குவது போன்ற சில கிருமிகள், ஓடுபோன்ற கவசத்துள் ஒடுங்கி வித்தாகக் கிடக்கும். 100 டிகிரி வெப்பத்தை அவை தாங்கி நிற்கக்கூடும். லிஸ்டர் என்ற ஆங்கில ரணவைத்தியர் கார்பாலிக் திராவகத்தால் புண்ணைக் காக்கும் முறையை 1867-ல் வெளியிட்டார். பின்னர் 1879-ல் பாஸ்டரின் சகாவான ஷாம்பர்லான் ஆட்டோக்ளேவ் என்ற நீராவி யந்திரத்தைச் சமைத்தார். நம் வீட்டு அடுப்பில் விசிலடிக்கும் குக்கருக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே. நீராவியை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் வெப்பம் 121 டிகிரிக்கு உயரும். துணியில் சுற்றிய கருவிக் கட்டுகள் அந்த வெப்பத்தில் 30 நிமிஷம் இருக்க வேண்டும். காற்றை முன்பே உறிஞ்சியெடுக்கும் புதிய யந்திரங்களில் 134 டிகிரியில் சுமார் 4 நிமிஷம் போதும். இங்கே முக்கியமானது காற்று. அது வெளியேறாத மூலையில் நீராவி நுழையாது. நீராவி தொடாத கத்தி வேகாத கத்தியே. அவசரத்தில் கட்டுகளை நெருக்கி அடுக்கினால், முள் 121-ஐக் காட்டிக்கொண்டிருக்க, நடுவிலுள்ள கட்டு குளிர்ந்து கிடக்கும்.

இதற்கும் முன்னே கழுவுதல் என்றொரு காரியம் இருக்கிறது. நமது அபிப்பிராயத்தில் இதுவே தலையானது. கத்தரியின் கீலில் உலர்ந்து ஒட்டிய ரத்தம் கிருமிக்குக் கேடயமாகிவிடும். ஆகையால் உபயோகித்த கருவியை உலரவிடாமல் உடனே கழுவி, கீலைத் திறந்து பிரஷ்ஷினால் தேய்த்துப் பார்க்க வேண்டும். அழுக்குக் கருவி நுழையும் வாசலும், வெந்த கட்டு வெளியேறும் வாசலும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒரு வழியில் வந்தது அவ்வழியே திரும்பலாகாது. இவ்வளவு நுட்பமான வேலையை யார் கையில் ஒப்படைக்கிறோம்? கழுவுவது தாழ்ந்த தொழில் என்னும் நமது பழைய துர்ப்புத்தி ஆஸ்பத்திரிக்குள்ளும் புகுந்திருக்கிறது. அதனால் பல இடங்களில் மிகக் குறைந்த கூலி வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம், பயிற்சியுமின்றி, அது விடப்படுகிறது. டாக்டரின் பெயர்ப் பலகை வாசலில் தொங்குகிறது. இவருடைய பெயர் ரிஜிஸ்தரில்கூட ஏறுவதில்லை.

ருசு விஷயத்துக்கு வருவோம். வக்கீல் தொழில் செய்த நமக்கு இதில் ஒரு ருசி உண்டு. கட்டின்மேல் ஒட்டும் நாடாவில் உஷ்ணம் பட்டால் கறுப்புக் கோடுகள் தோன்றும். அதைக் கண்டு பலர் திருப்தியடைகிறார்கள். ஆனால் அந்த நாடா, எதிரியைத் தெருவில் கண்டதாக மட்டும் கூறும் சாட்சிக்கு ஒப்பானது. கட்டு சூட்டில் இருந்தது என்று சொல்லுமே தவிர, உள்ளே கிருமி மாண்டதென்று சொல்லாது. கட்டின் உள்ளே வைக்கும் காகிதக் குறி அதைவிட மேலான சாட்சி. எல்லாவற்றிலும் நம்பத்தக்கது, வெப்பத்தை மிகவும் தாங்கும் கிருமிவித்துக்களையே ஒரு சிறு குப்பியில் வைத்து யந்திரத்துள் அனுப்பி, பின்னர் அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பது. முளைத்தால் யந்திரம் பொய் சொல்லிற்று என்பது தீர்ந்தது.

சிற்றூர் வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் இவ்வளவு ஏற்பாடும் சாத்தியமா? மருந்து விஷயத்தில் நமது ராஜ்யம் ஒரு நல்ல வழியைக் கண்டது. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, சோதனை செய்து, ஜில்லாக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புஸ்தகத்தின் பேரில் வழங்குகிறது. பிற ராஜ்யங்கள் வந்து பார்த்துப் போன முறை அது. அவ்வாறே, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து ஒரு மத்தியக் கூடம் வைத்து, ஆண்டிமடம் போன்ற ஊர்களின் கருவிகளை அங்கே வேகவைத்து வண்டியில் அனுப்பினால் என்ன?

ஆக்ஷேபணைகள் இல்லாமலில்லை. மாத்திரை வழியில் நனையாவிட்டால் மாத்திரையாகவே வந்து சேரும். கருவிக் கட்டோ ஈரம் பட்டால், கிழிந்தால், தரையில் விழுந்தால் அந்த க்ஷணமே அசுத்தம். ஐப்பசி மழையில் அந்த வண்டியின் கதி என்ன? ஒரு ஜதை பிரயாணத்திலிருக்கும்போது வேலைக்கு மறு ஜதை வேண்டுமாதலால் கருவிகளும் இரட்டிப்பாக வேண்டும். இன்னும் பெரிய அபாயமும் உண்டு. ஒரு ஆஸ்பத்திரியில் நேர்ந்த பிழை அங்கேயே நிற்கும். மத்தியக் கூடத்தில் நேர்ந்த பிழை ஒரே காலையில் பத்து ஊர்களுக்குப் போகும். ஒவ்வொரு கட்டிலும் எந்த யந்திரம், எத்தனாவது சுற்று, எந்தத் தேதி, யார் கை என்று எழுதியிருந்தாலன்றி அவற்றைத் திரும்ப அழைக்க முடியாது. இத்தனையும் யோசித்தும் நாம் மத்தியக் கூடத்தின் பக்கமே பேசுகிறோம். சரியாக நடக்கும் ஒரு யந்திரத்தைக் கண்காணிப்பது, சரியாக நடக்காத இருபதைக் கண்காணிப்பதைவிட எளிது.

கூடம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். நமது ஊர்த் தொண்டர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஒரு மனு எழுதட்டும். ஆட்டோக்ளேவ் யந்திரத்தைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி எது? கிருமிவித்துச் சோதனை கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை நடந்தது, முடிவு என்ன? தவறிய சுற்றின் கட்டுகளை என்ன செய்தார்கள்? கருவி கழுவும் தொழிலாளிக்குப் பயிற்சி அளித்தவர் யார், எப்போது? இந்த நான்கு கேள்விகளுக்கும் ரிஜிஸ்தர் நகலுடன் பதில் கேட்க வேண்டும். வரும் பதில்களை நமக்கு அனுப்பினால், ஆஸ்பத்திரிக்கு அனுகூலமாயினும் பிரதிகூலமாயினும் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.