வாசலே இவ்வளவு பெரிசா! சிக்கந்திரா தெரியுமா?

ஆக்ரா என்றதும் எல்லோரும் தாஜ்மகாலுக்குத்தான் ஓடுகிறோம். அதே ஊரின் ஓரத்தில், மதுரா போகும் சாலையில், ஒரு பேரரசரின் கல்லறையையே பின்னுக்குத் தள்ளிவிடும் கல்வாசல் நிற்கிறது, தெரியுமா? சிக்கந்திராவில் அக்பர் சமாதியின் தெற்கு வாசல்தான் அது!

★ நான்கு வாசல், ஒரே வழி!
தோட்டத்தின் நான்கு பக்கச் சுவர்களிலும் பிரம்மாண்டமான வாசல்கள் உண்டு. ஆனால் உள்ளே போக முடிவது தெற்கு வாசல் வழியாக மட்டும்! மற்ற மூன்றும்? அத்தனையும் பொய் வாசல்கள்! நான்கு பக்கமும் சமச்சீராகத் தெரிய வேண்டுமாம். நுழையவே முடியாத வாசலுக்கு இவ்வளவு கல்லா!

★ தாஜ்மகாலுக்கு அண்ணன்!
தெற்கு வாசலின் உச்சியில், மூலைக்கு ஒன்றாக நான்கு வெள்ளைப் பளிங்கு மினார்கள். பார்த்ததும் என்ன தோன்றும்? 'தாஜ்மகாலைப் பார்த்துக் கட்டியிருப்பார்கள்' என்றுதானே! இந்த வாசல் முடிந்தது 1613-ல். தாஜ்மகாலுக்கு வேலை தொடங்கியதே 1632-ல்தான்!

★ வண்ணம் பூசவில்லை!
வாசலின் முகப்பு முழுக்க நட்சத்திரம், அறுகோணம், ஸ்வஸ்திகம், பூ வேலைப்பாடு. தூரத்தில் நின்று பார்த்தால் விரித்துப் போட்ட ஜமக்காளம்! கிட்டே போனால்? எல்லாமே கல்! சிவப்பு மணற்கல்லில் வெள்ளைப் பளிங்கையும் வண்ணக் கற்களையும் வெட்டி வெட்டிப் பதித்திருக்கிறார்கள்!

★ பிடிக்கலையா? இடி!
1605-ல் அக்பர் மறைந்தார். 1608-ல் மகன் ஜஹாங்கீர் கட்டட வேலையைப் பார்க்க நடந்தே வந்தார். பிடிக்கவில்லை! பல பகுதிகளை இடித்து மறுபடியும் கட்டச் சொல்லிவிட்டார். மொத்தச் செலவு எவ்வளவு தெரியுமா? 15 லட்சம் ரூபாய்! அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்த கணக்கு இது. 400 வருஷத்துக்கு முந்தைய 15 லட்சம்!

★ பூமியில் ஒரு சொர்க்கம்!
உள்ளே இருப்பது சார்பாக், அதாவது நான்காகப் பிரித்த தோட்டம். சொர்க்கத்தில் நான்கு ஆறுகள் ஓடுவதாக நம்பிக்கை. அதனால் இங்கேயும் நான்கு பாதைகள்! ஒவ்வொன்றும் உயர்த்திக் கட்டிய அகலமான கல்பாதை. நடுவே வாய்க்கால், இடையில் நீரூற்றுத் தொட்டி! இன்றைக்கும் அந்தப் புல்வெளியில் மேய்வது யார் தெரியுமா? முறுக்குக் கொம்பு வெளிமான்கள்!

★ குவிமாடம் எங்கே?
முகலாயர் சமாதி என்றாலே நினைவுக்கு வருவது குவிமாடம்தான். இங்கே தேடினாலும் கிடைக்காது! ஐந்து அடுக்கு ஏறிப் போனால் உச்சியில் திறந்த வானம். அங்கே ஒரு பளிங்குக் கல்லறை. அக்பர் அதில்தான் இருக்கிறாரா? இல்லவே இல்லை! அசல் கல்லறை, அலங்காரமே இல்லாத அறையில், கீழே!

★ சென்னைவாசி சொன்ன கொள்ளைக் கதை!
ஔரங்கசீப் காலத்தில் ஜாட் கிளர்ச்சியாளர்கள் இங்கே புகுந்து சூறையாடினார்கள். அக்பரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தே விட்டார்கள் என்று எழுதி வைத்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய இத்தாலியர் மனூச்சி!

★ மொட்டை மினார்கள்!
வாசல் மினார்களின் தலை உடைந்து நெடுங்காலம் மொட்டையாகவே நின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வைஸ்ராய் கர்சன் காலத்தில்தான் அவற்றுக்குத் தலை திரும்பக் கிடைத்தது! இன்று பார்த்தால் ஒட்டுப்போட்டது என்று யாராவது சொல்வார்களா?

★ ஒரே கை, இரண்டு அதிசயம்!
இந்த வாசலில் பாரசீக எழுத்துகளை வடித்தவர் அப்துல் ஹக் ஷிராஸி. பிற்பாடு ஷாஜகான் அவருக்கு அமானத் கான் என்று பட்டம் கொடுத்தார். தாஜ்மகாலின் எழுத்துகளும் அவர் கைவண்ணமே! அத்தனை ஆயிரம் பேர் உழைத்த தாஜ்மகாலில், தன் பெயரைக் கையெழுத்தாகப் பொறித்துவிட்டுப் போன ஒரே ஆள் யார் தெரியுமா? சிக்கந்திரா வாசலில் எழுதிய இதே மனிதர்தான்!